ஹாகிஸும் ஈரக்குலையும்

‘ஈரக்குலை நடுங்கியது’ என்று கதைகளில் படித்திருப்போம், நாமே எழுதியும் இருப்போம். அது எந்தக் குலை என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஈரமாக இருக்கும் ஏதோ ஒரு குலை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சொல் ஈரற்குலை. பேச்சில் தேய்ந்து ஈரக்குலை ஆயிற்று. ஆட்டை உரித்து, நெஞ்சைத் திறந்து, மூச்சுக்குழலைப் பிடித்து இழுத்தால் நுரையீரலும் இதயமும் கல்லீரலும் ஒன்றையொன்று பற்றியபடி மொத்தமாக வெளியே வரும். வாழைக்குலை போல ஒரே கொத்தாகத் தொங்குவதால் அது குலை.

ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற ஹாகிஸ் இந்தக் குலையிலிருந்துதான் பிறக்கிறது. செம்மறியாட்டின் ஈரக்குலையை வேகவைத்துப் பொடியாகக் கொத்தி, ஓட்ஸ் குருணை, வெங்காயம், சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்திருக்கும் கெட்டிக் கொழுப்பு, உப்பு, மிளகு, ஜாதிக்காய் எல்லாம் சேர்த்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்துத் தைத்து, மறுபடியும் மணிக்கணக்கில் வேகவைத்தால் ஹாகிஸ். இந்த மூன்று உறுப்புகளின் கொத்துக்கு ஆங்கிலக் கசாப்புக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பிளக்’. பிடுங்கி எடுப்பது என்று பொருள். பதினெட்டாம் நூற்றாண்டில் அதே சொல்லுக்குத் துணிச்சல் என்ற பொருளும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரே குலைதான், ஆங்கிலத்தில் அது வீரம் காட்டுகிறது, தமிழில் நடுங்குகிறது.

முதலில் எழுத்துக்கூட்டல். ‘பேக்’, ‘பேங்க்’ என்று எழுதிப் பழகியவர்கள் ‘ஹேகிஸ்’ என்று எழுதுவார்கள். லண்டன் உச்சரிப்புக்கு அது பொருந்தும். ஸ்காட்லாந்துக்காரர்களின் வாயில் அந்த உயிர் ‘அ’வுக்கு நெருக்கமாக ஒலிக்கும். அதற்காக ‘ஹகிஸ்’ என்று எழுதினால் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரின் வணிகப்பெயரான ‘ஹக்கீஸ்’ என்பதோடு குழம்பிவிடும். சாப்பாட்டு மேசையில் வேண்டாத குழப்பம். ஆகவே ‘ஹாகிஸ்’ என்ற நடுவழி. ‘கி’யை ‘அங்கி’ என்பதில் வருவதுபோல அழுத்தி ஒலிக்க வேண்டும்.

மொழிமுதல் ஹகரம் பிடிக்காத மொழி தமிழ் மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி மொழியான கேலிக்கிலும் இயல்பான சொற்கள் ஹகரத்தில் தொடங்குவதில்லை. ஹாகிஸைக் கடன் வாங்கியபோது அவர்கள் அதை ‘தாகிஷ்’ போல ஒலிக்கும் சொல்லாக்கிக்கொண்டார்கள். நாம் ஹனுமானை அனுமன் ஆக்கினோம், அவர்கள் ஹகரத்துக்குப் பதில் தகரம் போட்டார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. சொல் மலைநாட்டுக் கேலிக்கில் பிறந்ததல்ல. கீழ்நாட்டிலிருந்து மேலே ஏறியது. எழுத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் ஒன்று வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்தது. 1430ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ‘லிபர் கூரே கோகோரம்’ என்ற சமையல் நூல். சமையல் குறிப்பு முழுவதும் செய்யுளாகவே இருக்கும். அதில் ‘ஹகெஸ்’ செய்யும் முறை இருக்கிறது. 1615இல் ஜெர்வாஸ் மார்க்கம் எழுதிய ஆங்கில இல்லத்தரசிகளுக்கான நூல், இதை விரும்பாத மனிதனைக் காண்பதே அரிது என்கிறது. ஆக அந்தக் காலத்தில் இது ஆங்கிலேயர்களும் சாதாரணமாகச் சாப்பிட்ட பண்டம். அவர்கள் பிறகு கைவிட்டார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் விடவில்லை. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் இதை உரக்கச் சொல்வது நல்லதல்ல.

சொல்லின் வேர் உறுதியாகவில்லை. மூன்று வழிகளைக் காட்டுகிறார்கள். ஒன்று, வட ஆங்கிலத்திலும், அதற்கு நெருங்கிய உறவான கீழ்நாட்டு ஸ்காட்ஸ் மொழியிலும் வெட்டுவதைக் குறிக்கும் ‘ஹாக்’ என்ற வினை. பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. இரண்டு, கொத்துக்கறியைக் குறிக்கும் ‘ஹஷி’ என்ற பிரெஞ்சுச் சொல். மூன்றாவது வேடிக்கையானது: ‘அகாஸ்’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல். அது மேக்பை என்னும் பறவையின் பெயர். கண்டதையெல்லாம் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும் பறவை என்று அதற்குப் பெயர். கண்டதையெல்லாம் சேர்த்த பண்டத்துக்கும் அந்தப் பெயர் ஒட்டியிருக்கலாம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. என் ஓட்டு முதலாவதற்கே. கத்தி செய்யும் வேலையே பண்டத்தின் பெயராவது எங்கும் நடப்பதுதான். கொத்துக்கறிக்கும் கொத்துப் பரோட்டாவுக்கும் நாம் பெயர் வைத்தது எப்படி?

ஹாகிஸுக்கு நாட்டுச் சின்னம் என்ற தகுதியைக் கொடுத்தது ஒரு கவிதை. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் ஹாகிஸை விளித்துப் பாடினார். ‘புட்டிங் குலத்தின் மாபெரும் தலைவனே’ என்று அழைக்கிறார். இங்கே தமிழ் வாசகர் தடுக்கி விழுவார். நமக்குப் புட்டிங் என்றால் பாலும் சர்க்கரையும் முட்டையும் சேர்ந்து ஆடும் இனிப்பு. அந்தச் சொல்லின் பழைய பொருள் குடலிலோ இரைப்பையிலோ இறைச்சியை அடைத்து வேகவைத்த பண்டம். இனிப்பு வெகுகாலம் கழித்து வந்த பங்காளி. இதை மனத்தில் வைக்காமல் மொழிபெயர்த்தால் ஆட்டு ஈரலைப் பாயசத்தின் தலைவனாக்கிவிடுவோம்.

அதே கவிதையில் கத்தி பாய்ந்து ஹாகிஸ் பிளந்ததும் ‘ரீக்கின்’ என்ற சொல் வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் அதற்குத் துர்நாற்றம் வீசுவது என்று பொருள். ஸ்காட்ஸ் மொழியில் ‘ரீக்’ என்றால் புகை, ஆவி. ஆவி பறக்கிறது என்றுதான் பர்ன்ஸ் சொல்கிறார். புகைபோக்கிகள் நிறைந்த எடின்பரோவுக்கே ‘ஆல்ட் ரீக்கி’, கிழட்டுப் புகையன் என்று செல்லப்பெயர் உண்டு. சங்கப் பாடல்களில் பூவின் மணத்தைக் குறித்த ‘நாற்றம்’ இன்று சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த நமக்கு இந்தச் சரிவு புதிதல்ல.

பர்ன்ஸ் இறந்த ஐந்தாம் ஆண்டில், 1801இல், அவருடைய நண்பர்கள் ஆலோவே ஊரில் அவர் பிறந்த வீட்டில் கூடி ஹாகிஸ் உண்டார்கள். இப்போது அவருடைய பிறந்தநாளான ஜனவரி 25 இரவில் உலகெங்கும் அந்த விருந்து நடக்கிறது. குழலிசையோடு ஹாகிஸைத் தட்டில் ஏந்தி வருவார்கள், ஒருவர் கவிதையைச் சொல்லிக்கொண்டே உரிய வரியில் கத்தியை இறக்குவார். கூடவே ‘நீப்ஸ்’, ‘டாட்டீஸ்’ இரண்டும் வரும். டாட்டீஸ் உருளைக்கிழங்கு மசியல். நீப்ஸ் டர்னிப்தான், ஆனால் வெள்ளையாக இருக்கும் சிறிய டர்னிப் அல்ல. ஸ்வீட் (swede, இனிப்பு அல்ல) என்று இங்கிலாந்தில் அழைக்கும் மஞ்சள் சதைக் கிழங்கு.

வாங்குவதில் சிரமம் இல்லை. ஸ்காட்லாந்தின் இறைச்சிக் கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆண்டு முழுவதும் கிடைக்கும். பெரும்பாலும் முன்பே வெந்ததுதான். நம் வேலை சூடாக்குவது மட்டும். மேலுறை இப்போது பெரும்பாலும் ஆட்டு இரைப்பை அல்ல, செயற்கை உறையோ மாட்டுக் குடலோதான். கொழுப்பும் மாட்டுக் கொழுப்பாக இருக்கலாம். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் உறையின் பின்புறம் இருக்கும் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். சைவ ஹாகிஸும் உண்டு. 1984இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக் கவிதை நூலகம் திறந்தபோது மக்ஸ்வீன் என்ற கடைக்காரர்கள் பருப்பும் காய்கறியும் ஓட்ஸும் வைத்துச் செய்தது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அசல் ஹாகிஸ் கிடைக்காது. நுரையீரலை உணவாக விற்க 1971 முதல் அங்கே தடை.

என் முதல் ஹாகிஸை நான் கெடுத்தேன். முட்டை வேகவைப்பதுபோலத் தளதளவென்று கொதிக்கும் நீரில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது உறை வெடித்து, பாத்திரம் நிறைய மிளகு மணக்கும் சாம்பல் நிறக் கஞ்சி. கொதி கூடாது. அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, ஓரத்தில் மட்டும் சிறு குமிழி விடும் நீரில் அரைக் கிலோ உருண்டையை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். பிறகு தட்டில் வைத்துக் கீறினால் உறை தானே பின்வாங்கும், உள்ளிருப்பது உதிரியாகப் பொங்கி வெளியே வரும். குருணை பல்லில் தட்டுப்பட வேண்டும். குழைந்திருந்தால் நல்ல ஹாகிஸ் அல்ல.

வீட்டில் தொடக்கத்திலிருந்து செய்வது வேறு கதை. பழைய முறையில் ஈரக்குலையை வேகவைக்கும்போது மூச்சுக்குழலைப் பானை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அடியில் ஒரு கிண்ணம் வைப்பார்கள். நுரையீரலிலிருந்து வரும் நுரையும் கழிவும் அந்தக் குழல் வழியே கிண்ணத்தில் வடியும். ஓட்ஸை வறுத்துச் சேர்க்க வேண்டும். இரைப்பையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே நிரப்ப வேண்டும், ஓட்ஸ் ஊறி உப்பும். வேகும்போது பந்துபோல் வீங்கினால் ஊசியால் குத்தி ஆவியை விட வேண்டும். மூன்று மணி நேரமாவது ஆகும்.

இந்த ஓட்ஸைப் பற்றியும் ஒரு சொல். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடும் தானியம், ஸ்காட்லாந்தில் மக்களைத் தாங்கும் தானியம் என்று குத்தலாக எழுதினார். தமிழில் இதற்குக் ‘காடைக்கண்ணி’ என்று பொருள் கொடுப்பவர்கள் உண்டு. மளிகைக் கடையில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஓட்ஸ் ஓட்ஸாகவே இருக்கட்டும். ஹாகிஸுக்கு வேண்டியது கஞ்சிக்குப் போடும் தட்டை அவல் அல்ல, உடைத்த ஓட்ஸ். அதற்குக் ‘குருணை’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது.

இனித் தமிழ்ப்பெயர். பீட்சாவை ‘வேகப்பம்’ ஆக்கிய அன்பர்கள் இதற்கும் ஏதாவது செய்வார்கள். ‘ஆட்டிரைப்பைக் கொழுக்கட்டை’ என்று ஒருவர் சொன்னார். கொழுக்கட்டையில் மேல்மாவைச் சாப்பிடுகிறோம். ஹாகிஸில் உறையை ஒதுக்குகிறோம். உருவகம் அங்கேயே உடைகிறது. பதிற்றுப்பத்தின் 45ஆம் பாடலில் பரணர் ‘ஊன்துவை அடிசில்’ என்கிறார். சோறு வேறு, ஊன் வேறு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்த உணவு. ஹாகிஸின் உட்புறத்துக்கு இதைவிடப் பொருத்தமான வருணனை கிடைக்காது. ஆனால் அதைப் பெயராக வைத்தால் பிரியாணிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அந்தச் சொல்லை அவர்கள் முன்பே பிடித்துவைத்திருக்கிறார்கள். விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் ‘ஈரக்குலைப் பொதி’ என்று எழுதுவேன். கட்டி அடைத்தது என்பது பொதியில் இருக்கிறது, எதை அடைத்தது என்பது ஈரக்குலையில் இருக்கிறது. ஒருமுறை இப்படி விளக்கிவிட்டு அடுத்த வரியிலிருந்து ஹாகிஸ் என்றே போவேன். இட்லியை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று நினைக்கும் நாம் அவர்களுக்கும் அந்த மரியாதையைச் செய்யலாம்.

ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிளாஸ்கோவின் இந்திய உணவகங்களில் ‘ஹாகிஸ் பக்கோரா’ என்று ஒன்று பட்டியலில் இருக்கும். மீந்த ஹாகிஸை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, கடலைமாவுக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. வட இந்தியர்களுக்கு அது பக்கோரா. நமக்குப் பக்கோடா என்றால் வெங்காயமும் மாவுமாக உதிரியாகப் பொரிந்தது. உருட்டி, தோய்த்து, பொரித்ததற்குப் பெயர் போண்டா. எங்கள் வீட்டில் ஜனவரி 26 காலையில் அது ஹாகிஸ் போண்டா, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி.