பக்கத்து நாற்காலி

தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் சிகிச்சைக்கு வருகிறார். சிகிச்சையாளர் மேசைக்கு அந்தப்புறம் இருந்து கேள்வி கேட்பார், வந்தவர் இந்தப்புறம் தலைகுனிந்து பதில் சொல்வார் என்றுதான் நினைப்போம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஜோப்ஸ் உருவாக்கிய முறையில் சிகிச்சையாளர் முதலில் அனுமதி கேட்கிறார்: "நான் உங்க பக்கத்துல வந்து உட்காரலாமா?" பிறகு இருவரும் ஒரே படிவத்தைப் பார்த்தபடி பேசுகிறார்கள். மனவலி எவ்வளவு, தவிப்பு எவ்வளவு, தன்மீதே வெறுப்பு எவ்வளவு என்று வந்தவரே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார். வாழ நினைப்பதற்கான காரணங்களோடு சாக நினைப்பதற்கான காரணங்களையும் அதே தாளில் எழுதலாம். யாரும் அதிர்ச்சியடைவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை.

நாற்காலி எங்கே இருந்தால் என்ன என்று தோன்றலாம். அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. அடி, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் வன்முறை என்று சிறுவயதில் பட்ட துன்பத்தின் வகைகள் கூடக் கூட, தற்கொலைக்கு முயலும் வாய்ப்பும் ஏறிக்கொண்டே போனதை அது காட்டியது. அப்படி வளர்ந்தவரின் மூளையில் ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா சட்டென்று விழித்துக்கொள்ளும். உரத்த குரல், மூடிய கதவு, தலைக்குமேல் நின்று "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று ஒரு அதட்டல் போதும். அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி பின்வாங்கிவிடும், வாய் அடைத்துப்போகும். அவரைத்தான் நாம் கல்லுளிமங்கன் என்கிறோம். அனுமதி கேட்பது மரியாதைக்கு மட்டுமல்ல. என்ன நடக்கப்போகிறது என்பது தன் கையில் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகுதான் அபாய மணி அடங்குகிறது, பேச்சு வருகிறது.

தற்கொலை எண்ணத்துக்கான சிகிச்சைகளில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்த மார்ஷா லினஹன், பதின்வயதில் தானே மருத்துவமனைத் தனியறையில் பூட்டப்பட்டிருந்ததை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். பூட்டிவைத்தால் உயிர் ஒருவேளை காப்பாற்றப்படலாம்; வலி அப்படியே இருக்கும்.

"தற்கொலையைப் பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா?" என்று பெற்றோர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். நேரடியாகக் கேட்கப்பட்டவர்களுக்குத் துயரமோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. ஆகவே கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்க வேண்டியதில்லை. முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது இந்தியாவின் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

என்னை அதிகம் நெகிழவைப்பது சென்னையும் கொழும்பும் இடம்பெற்ற ஓர் ஆய்வு. உலக சுகாதார அமைப்பு 5 நாடுகளில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்ற குழுவுடன், வீட்டுக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். அதன்பின் போனிலோ நேரிலோ 9 முறை நலம் விசாரித்தார்கள்: முதலில் 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களில், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்களில். விலை உயர்ந்த கருவி எதுவும் கிடையாது. 18 மாத முடிவில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், இப்போதே பேசுங்கள். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926.