ஊரில் இருக்கும் அப்பாவின் கணினிக்குள் நுழையும் முன்

"மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசுறோம் சார், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு" என்று அழைக்கிற மோசடிக்காரருக்கும், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அப்பாவின் பிரின்டரைச் சரிசெய்கிற மகளுக்கும் கருவி ஒன்றுதான். இருவரும் ஒரு குறியீட்டைச் சொல்லித்தான் உள்ளே வருகிறார்கள், இருவரும் 'அனுமதி' பட்டனைத்தான் அழுத்தச் சொல்கிறார்கள். தூரத்திலிருந்தே இன்னொருவர் கணினியையும் போனையும் இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற செயலி வழியாக நடக்கும் பண மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலியில் தவறில்லை. யார் யாரை அழைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அதனால் மென்பொருளை நிறுவும் முன் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: உதவி வேண்டும் என்றால் பெரியவர்தான் அழைக்க வேண்டும். மானிட்டர் ஓரத்தில் ஒரு தாளை ஒட்டி, உங்கள் எண்ணையும் இன்னொரு உறவினர் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். அந்த இரண்டு எண்களுக்குத் தாமே அழைத்துப் பேசும்போது மட்டும்தான் குறியீடு, அனுமதி எல்லாம். நீங்களே அழைத்தாலும் "வெச்சிட்டு நான் கூப்பிடுறேன்பா" என்று சொல்லிப் பழகட்டும். முதலில் வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும்.

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்டின் தொலை உதவிச் செயலியான குயிக் அசிஸ்ட் போதும். எனிடெஸ்க் போல நிரந்தரக் கடவுச்சொல் வைத்து எப்போது வேண்டுமானாலும் நுழையும் வசதியைப் பெற்றோர் கணினியில் திறந்துவைப்பது தேவையற்ற ஆபத்து. கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குயிக் அசிஸ்ட் திறக்கும். உதவுகிறவருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், பெரியவருக்குத் தேவையில்லை. உங்கள் பக்கம் உருவாகும் குறியீடு பத்து நிமிடம்தான் செல்லும். அதில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் போனில் சொல்லாதீர்கள்; பி, டி, வி எல்லாம் ஒரே மாதிரி காதில் விழும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். திரையைக் காட்ட ஒரு முறை, நீங்கள் மவுஸைக் கையில் எடுக்க இன்னொரு முறை என்று அவர் அனுமதி தர வேண்டும். போன் பேச்சைத் துண்டிக்காமல் இதையெல்லாம் செய்யுங்கள்.

நடுவில் உங்களுக்குத் திரை கறுத்துப்போனால் பயப்படாதீர்கள். மென்பொருள் நிறுவும்போது "இந்த மாற்றத்தை அனுமதிக்கவா" என்று விண்டோஸ் கேட்கும் பெட்டி பாதுகாப்புக்காகத் தனித் திரையில் வருகிறது. அது உங்களுக்குத் தெரியாது, அப்பாவுக்கு மட்டும் தெரியும். "இப்போ ஒரு பெட்டி வரும்பா, அதுல 'யெஸ்' அழுத்துங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பத்து நிமிடக் குழப்பம் மிச்சம்.

குயிக் அசிஸ்டே இணையாமல் போகும் ஒரு சிக்கல் உண்டு. பழைய மேசைக் கணினிகளில் அடிக்கடி வரும். மின்சாரம் போய் வந்த பிறகு எந்த இணையதளமும் திறக்காது, "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வரும். வீட்டில் எல்லோரும் மோடத்தைச் சந்தேகிப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான்: "கீழே வலது மூலையில என்ன தேதி காட்டுது?" பல வருடம் பின்னால் போயிருந்தால், மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் மறுத்துவிடும். கடிகாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, தேதியைத் திருத்தும் பக்கத்துக்குப் போய், தானியங்கி நேரத்தை அணைத்து, தேதியைக் கையால் மாற்றச் சொல்லுங்கள். தேதி வெகுதூரம் விலகியிருந்தால் தானியங்கித் திருத்தம் வேலை செய்யாமல் போகலாம். பிறகு சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரியை வாங்கி, தெரிந்த ஒருவரை வைத்து மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மின் இணைப்பைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, வலது மூலையில் வந்து வந்து போகும் "5 வைரஸ் உள்ளது" அறிவிப்பு. பெரும்பாலும் அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு செய்தித் தளமோ சீரியல் தளமோ அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கும், அம்மா 'அலோ' கொடுத்திருப்பார். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் தெரியாத தளங்களை எல்லாம் நீக்குங்கள். புதிதாக எந்தத் தளமும் கேட்கவே முடியாதபடியும் அங்கேயே வைத்துவிடலாம். போன் எண்ணோடு வரும் எச்சரிக்கை எதுவானாலும் பொய். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் எண் இருக்காது. முழுத் திரையையும் அது பிடித்துக்கொண்டால் எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

வங்கிப் பக்கம் திறந்திருக்கும்போது திரையைப் பகிர வேண்டாம், சொந்த மகனிடம்கூட. வாட்ஸ்ஆப் வீடியோ அழைப்பிலும் திரைப் பகிர்வு இருக்கிறது. போன் செட்டிங்ஸை எட்டிப் பார்க்க அது நல்ல வழி. ஆனால் அந்த நேரத்தில் வரும் ஓடிபியும் எதிராளிக்குத் தெரியும். "கரண்ட் பில் கட்டல, இன்னிக்கு ராத்திரி கட் பண்ணிடுவாங்க", "லைஃப் சர்டிஃபிகேட் பதிவாகல, பென்ஷன் நின்னுடும்" என்று நவம்பர் மாதம் பார்த்து அழைக்கிறவர்களுக்கு அந்த ஓடிபிதான் வேண்டும்.

பெரியவர் ஏற்கெனவே மோசடிக்காரரை உள்ளே விட்டுவிட்டார் என்றால், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பதால்தான் பல வீடுகளில் பணம் மீட்கும் நேரம் போய்விடுகிறது. மோடத்தின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். டெபிட் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும், கூடவே சைபர் குற்றங்களுக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாமல் வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்தான் முதலில். மற்றவற்றை மீட்டெடுக்கும் வழி அதன் வழியாகத்தான் போகிறது.