மாவு டப்பாவுக்கும் வறுத்த கோழிக்கும் நடுவே

பினாங்கில் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அமர்ந்ததும் கேட்பது, "எந்த டயட் நல்லது?" என்பதுதான். அதற்கு உடனே பதில் சொல்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஏழு நாள்களுக்கு உண்டது, குடித்தது அனைத்தையும் நேரத்தோடு எழுதி வரச் சொல்வேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி எழுதி வந்த நோட்டு இந்த ஊரில் நான் அடிக்கடி காணும் கதையைச் சொன்னது. திங்கள் முதல் வியாழன் வரை இரண்டு வேளையும் தண்ணீரில் கலக்கிய டயட் மாவு, இடையில் ஓர் ஆப்பிள். வெள்ளி இரவு வறுத்த கோழி, உருளைக்கிழங்கு வறுவல், பெரிய குவளையில் கோலா. சனியும் ஞாயிறும் பர்கர், பீட்சா. "நாலு நாள் ஒழுங்காத்தானே இருக்கேன், டாக்டர்?" என்றார். நான் மருத்துவர் அல்ல என்று பலமுறை சொல்லியும் பயனில்லை. கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் இங்கே டாக்டர்தான்.

டயட் தொடங்கிய முதல் வாரத்தில் குறையும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி நீர். கல்லீரலும் தசைகளும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது, அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் வெளியேறுவதால் தராசு முள் வேகமாக இறங்குகிறது. மீண்டும் சோறு சாப்பிட்டதும் அதே வேகத்தில் ஏறுகிறது. அரைப்பட்டினி நீடித்தால் தசையும் கரைந்து, உடல் செலவிடும் ஆற்றலும் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் மேலேறும். நான்கு நாள் அடக்கி வைத்த பசி வெள்ளிக்கிழமை வறுத்த கோழியைத் தேடியதற்கு அவருடைய மனவுறுதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2019ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட ஆய்வை இத்தகையோருக்கு நான் எடுத்துச் சொல்வதுண்டு. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் இயல்பான பொருள்களில் சமைத்த உணவையும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவற்றை இரண்டிலும் ஒத்த அளவில் வைத்து, வேண்டிய மட்டும் உண்ணலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவின் காலத்தில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உண்டு, ஏறத்தாழ 0.9 கிலோ எடை கூடினார்கள். மற்றதில் அதே அளவு குறைந்தார்கள். யாரையும் பட்டினி போடவில்லை என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். டப்பாவில் வரும் டயட் மாவும் பெரும்பாலும் பர்கரைப் போலவே மிகையாகப் பதப்படுத்திய இனத்தைச் சேர்ந்ததே என்று சொன்னால் பலரும் திகைக்கிறார்கள்.

நமக்கு இது வெறும் உடல் தோற்றத்தைப் பற்றிய பேச்சு அல்ல. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இங்குள்ள இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

சரி, வீட்டில் சமைக்கலாம் என்று முடிவெடுப்பவர்கள் அடுத்துக் கொண்டு வரும் பட்டியலில் கீன்வாவும் சியா விதையும் சால்மனும் இருக்கும். சௌராஸ்தா சந்தைக்கு ஒரு காலை நேரம் போய்வரச் சொல்வேன். மலாய்க்காரர்கள் கெம்போங் என்றும் நாம் கானாங்கெளுத்தி என்றும் சொல்லும் மீனிலும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது, விலையோ சால்மனைவிட மிகக் குறைவு. அவர்கள் உலாம் என்ற பச்சைக் கீரை உணவாகத் தின்னும் பெகாகா, நம் பாட்டிமார் துவையல் அரைத்த வல்லாரைதான். முருங்கைக்கீரை, கங்கோங் கீரை, சிறகவரை, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே ஆகிய எதற்கும் விமானம் ஏறி வர வேண்டிய தேவையில்லை.

ஆனால் வீட்டில் சமைத்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. தட்டு நிறைய வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், ஊறுகாய், கொஞ்சம் கருவாடு என்று நம் வீடுகளில் நடக்கும் சாப்பாட்டில் மாவுச்சத்தும் எண்ணெயும் உப்புமே மிஞ்சி நிற்கின்றன. சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையை இங்கே பயன்படுத்தலாம்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். பினாங்குக்காரரிடம் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் சோற்றை விடச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை; குழம்பைச் சோற்றில் வெள்ளமாக ஊற்றாமல் தனியாக வாங்கி, வெண்டைக்காயைக் கூட்டச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் பெண்மணிக்கு எந்த டயட்டும் கொடுக்கவில்லை. ஷிப்டுக்குப் புறப்படும் முன் ஒரு வேளை மட்டும் சமைத்த உணவு, அதில் ஒரு பகுதி டப்பாவில் கட்டி எடுத்துப் போவது என்று தொடங்கினோம். விடுமுறை நாளில் பருப்பை வேகவைத்து, ஒரு வேளைக்கான அளவுகளாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிடுவார். மீனையும் கழுவி மஞ்சள் தடவி அப்படியே. வேலை நாளில் தாளிப்பதும் கீரை வதக்குவதும் மட்டுமே மிச்சம், இருபது நிமிட வேலை.

இதைப் படித்துவிட்டு நாளையே உணவை மாற்ற நினைப்பவர்களில் இன்சுலின் போடுவோரும், கிளிக்லசைட் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்போரும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தின் அளவு மாறாமல் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சிறுநீரகப் பாதிப்பு முற்றியவர்களுக்குக் கீரையில் உள்ள பொட்டாசியமும் தொல்லை தரலாம்.

மூன்று மாதத்தில் அவருக்கு இரண்டரைக் கிலோ குறைந்தது. மாவு குடித்த காலத்தில் அது ஒரே வாரக் கணக்கு என்று அவரே சொல்லிச் சிரித்தார். வெள்ளிக்கிழமைப் பக்கங்களில் வறுத்த கோழி இன்னமும் எட்டிப் பார்க்கிறது. இப்போது எங்கள் பேச்சு, இரவு ஷிப்டில் அவர் குடிக்கும், சர்க்கரை கலந்தே வரும் த்ரீ-இன்-ஒன் காப்பியைப் பற்றியது. மூன்று பொட்டலத்தை இரண்டாக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.