பிக்கப் வண்டிக்கு ஏன் இரண்டு கேரியர்?

ஒரு பிக்கப் வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஆட்கள் உட்காரும் கேபினுக்கும் சரக்கு ஏற்றும் பின்தொட்டிக்கும் நடுவில், மேலிருந்து கீழ்வரை ஒரு சந்து ஓடும். இரண்டு விரல் நுழையும் அகலம்தான் இருக்கும். வண்டி வைத்திருப்பவர்களில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. தூசியும் சருகும் சேருகிற இடம் என்று விட்டுவிடுவார்கள். கேரியர் மாட்டப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சந்தைத்தான்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வசிக்கும் என் மைத்துனர் பழைய டொயோட்டா டகோமா ஒன்றை வாங்கினார். மலைப் பாதைகளில் போய், வண்டியின் மேலேயே கூடாரம் விரித்துத் தூங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கேபின் கூரைக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று என இரண்டு கேரியர்களுக்குச் சொல்லியிருந்தார். நான் அங்கே போயிருந்த வாரத்தில் பெட்டிகள் வந்து இறங்கின. “நீளமாக ஒரே கேரியர் போட்டால் இடம் கூடுதலாகக் கிடைக்குமே, எதற்கு இரண்டு துண்டு?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஊருக்கு வெளியே ஒரு மண் பாதைக்கு அழைத்துப் போய், முன் இடது சக்கரம் ஒரு மேட்டிலும் பின் வலது சக்கரம் இன்னொரு மேட்டிலும் ஏறி நிற்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு, என்னை இறங்கிப் பார்க்கச் சொன்னார். சமதரையில் ஒரே நேராக இருந்த கேபினின் விளிம்பும் தொட்டியின் விளிம்பும் இப்போது ஒரு விரற்கடை பிசகி நின்றன. சந்து மேலே ஓர் அகலமும் கீழே ஓர் அகலமுமாகத் தெரிந்தது. வண்டியில் எதுவும் பழுதில்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் உடலே எலும்புக்கூடு. தரை, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு. பிக்கப் அப்படி இல்லை. இரண்டு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த, ஏணி போன்ற சேசிஸ் ஒன்று அடியில் கிடக்கிறது. கேபின் அதன்மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. தொட்டி தனியாக, நேரடியாகச் சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. கேபினுக்கும் தொட்டிக்கும் சேசிஸ் வழியாக அல்லாமல் வேறு தொடர்பே கிடையாது. மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது, முன்பாதியோடு கேபின் ஒரு பக்கமும் பின்பாதியோடு தொட்டி மறுபக்கமும் சாய்கின்றன. அந்த அசைவுக்கு இடம் விடுவதற்காகத்தான் சந்து.

இவ்வளவு தடித்த இரும்பு முறுக்கிக்கொள்ளுமா என்று தோன்றலாம். ஒரு காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, சேரும் விளிம்பை நீளம் முழுவதும் பசை நாடாவால் ஒட்டுங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எதிர்த்து நிற்கும். இப்போது பிளேடால் அந்த ஒட்டை நீளவாக்கில் கீறிவிட்டு மறுபடி முறுக்குங்கள். அதே காகிதம், அதே குழல், ஆனால் துணியைப் போல வளைந்துகொடுக்கும். மூடிய குழலில் முறுக்கு விசை சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கீறியதும் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. மெல்லிய சுவருள்ள குழலை நீளவாக்கில் பிளந்துவிட்டால், முறுக்கை எதிர்க்கும் அதன் திறன் பல நூறு மடங்கு குறைந்துவிடும். 2023 வரை வந்த டகோமாக்களில் சேசிஸின் பின்பகுதி, படுக்கவைத்த ‘ப’ எழுத்தைப் போல ஒரு பக்கம் திறந்த சட்டம். 2024-இல் வந்த புதிய தலைமுறையில் சட்டம் முழுவதும் மூடிய பெட்டி வடிவம். புதியது குறைவாக முறுக்கும். ஆனால் கேபின் அதிலும் ரப்பர் மேல்தான் இருக்கிறது, சந்தும் இருக்கிறது.

இப்போது அந்தச் சந்தைத் தாண்டி, கேபின் கூரையிலிருந்து தொட்டி வரை ஒரே கேரியரைப் போல்ட் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? அசைய வேண்டிய இரண்டு உடல்களையும் ஒரு மெல்லிய குழாய்ச் சட்டம் பிடித்து நிறுத்தப் பார்க்கும். சேசிஸின் முறுக்கு முழுவதும் அதன் தலையில் விழும். வளைந்து வளைந்து கடைசியில் பற்றவைத்த மூலையிலோ கூரைத் தகட்டிலோ விரிசல் விடும். கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வர்ணம் பூசுவோரும் குழாய் வேலை பார்ப்போரும் நீள ஏணிகளைக் கொண்டுபோகும் பிக்கப்புகளைக் கவனித்தால் இது விளங்கும். அந்தக் கேரியர்கள் கேபினுக்கு மேலே நீண்டிருக்கும், ஆனால் கேபினைத் தொடாது. கால்கள் எல்லாம் தொட்டியிலேயே நிற்கும். முன்பகுதி அந்தரத்தில் நீளும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. இரண்டு கேரியர்களின் மேலும் ஒரு படகையோ ஏணியையோ வைப்பதானால் பட்டைகளால் கட்டலாம். பட்டை சற்றே வளைந்துகொடுக்கும். இரண்டையும் இரும்பால் இணைப்பதுதான் கூடாது.

கூரை கேரியரை மாட்டும் வேலை, பார்க்கப் பயமாக இருந்தாலும், டகோமாவின் டபுள் கேபின் வகையில் எளிதாகவே முடிந்தது. கூரையின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதை மூடியிருக்கும் கருப்புப் பட்டையை நெம்பி எடுத்தால், தொழிற்சாலையிலேயே போட்ட துளைகள் அடியில் இருக்கின்றன. எடை தகட்டின் நடுவில் இறங்காமல், கதவுகளுக்கு மேலே ஓடும் வலுவான ஓரச் சட்டத்தில் இறங்குவதற்கு அதுதான் சரியான இடம். புதிதாகத் துளைபோடும் எண்ணத்தோடு கூரையின் உள்துணியைப் பிரிப்பவர்களை நான் வேண்டிக் கேட்டுக்கொள்வேன்: அந்த ஓரத்தில்தான் பக்கவாட்டு ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. துளைக்கருவி அதன் அருகே போகக்கூடாது.

எவ்வளவு எடை ஏற்றலாம் என்பதில் இரண்டு கணக்குகள் உண்டு: வண்டி நிற்கும்போது ஒன்று, ஓடும்போது ஒன்று. நிற்கும் வண்டியில் கூடாரத்துக்குள் இருவர் படுத்தால் மொத்தம் 200 கிலோ ஆகலாம், கேரியர் தாங்கிவிடும். அந்த 200 கிலோவோடு ஓட்டினால் கதை வேறு. பள்ளத்தில் விழுந்து எழும் கணத்தில், அதே பொருள் தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்காக அழுத்தும். பிரேக் பிடித்தால் முன்னால் தள்ளும், வளைவில் பக்கவாட்டில் இழுக்கும். அதனால்தான் ஓட்டத்துக்கான வரம்பு நிறுத்தத்துக்கான வரம்பைவிட மிகக் குறைவாக இருக்கிறது. கேரியர் தயாரிப்பாளர் சொல்லும் எண், வண்டியின் கையேடு சொல்லும் எண் இரண்டில் எது சிறியதோ அதுதான் கணக்கு. கேரியரின் சொந்த எடையையும் அதிலிருந்து கழிக்க வேண்டும்.

எடையை எங்கே வைப்பது என்பது எவ்வளவு என்பதற்கு இணையான கேள்வி. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2001-ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து வண்டி கவிழும் அபாயத்துக்கு மதிப்பீடு தரத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட அளவுகோல் எளியது: சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, தரையிலிருந்து எடைமையத்தின் உயரத்தால் வகுப்பது. எண் பெரிதாக இருந்தால் வண்டி நிலையாக நிற்கும். 2,000 கிலோ வண்டி, 1.6 மீட்டர் சக்கர அகலம், 0.7 மீட்டரில் எடைமையம் என்று வைத்துக்கொள்வோம். எண் 1.14 வரும். 80 கிலோ கூடாரத்தைக் கூரையில், 2 மீட்டர் உயரத்தில் ஏற்றினால் எடைமையம் 0.75 மீட்டராகி எண் 1.07-க்கு இறங்கும். அதே கூடாரத்தைத் தொட்டி கேரியரில் 1.4 மீட்டர் உயரத்தில் வைத்தால் 1.10. வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் கூடாரத்தால் வந்த இழப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இடத்தை மாற்றியதாலேயே மீண்டுவிட்டது. மைத்துனரிடம் நான் ஒரே பிடியாக நின்றது இதில்தான். கூடாரம் தொட்டிக்குப் போனது. கூரைக்குக் காலி நீர்க்கேன்களும் மணலில் சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் போடும் பலகைகளும் போயின.

தொட்டி கேரியருக்கு வேறொரு சோதனை உண்டு. நான்கு கால்களும் மேலே ஒரு சட்டமும் மட்டும் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது அந்தச் செவ்வகம் சாய்சதுரமாகச் சரியப் பார்க்கும். கட்டில் ஆடுவது இப்படித்தான். முக்கோணத்தை அப்படிச் சரிக்க முடியாது. ஒரு பக்கத்தின் நீளத்தை மாற்றாமல் அதன் வடிவத்தை மாற்ற வழியில்லை. ஆகவே மூலைகளில் முக்கோணத் தகடோ, காலுக்கும் சட்டத்துக்கும் இடையே குறுக்குக் கம்பியோ இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். அது இல்லாத கேரியர் எவ்வளவு தடித்த குழாயால் ஆனதாக இருந்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

இனி போல்ட். போல்ட் ஓர் ஆணியைப் போல நடுவில் நின்று பொருளைத் தடுக்கிறது என்றுதான் நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் நல்ல இணைப்பில் போல்ட் ஒரு கடினமான ஸ்பிரிங். இறுக்கும்போது அது மயிரிழை நீள்கிறது. சுருங்கத் துடிக்கும் அந்த இழுவிசை இரண்டு தகடுகளையும் நெரித்துப் பிடிக்கிறது. தகடுகள் நழுவாமல் இருப்பது அந்த நெரிப்பில் பிறக்கும் உராய்வால். 8 மில்லிமீட்டர் போல்ட்டை, குறித்த முறுக்கு அளவை எட்டியதும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சால் 22 நியூட்டன்-மீட்டர் அளவுக்கு இறுக்கினால், கிடைக்கும் நெரிப்பு ஏறக்குறைய 1.4 டன். கைக்கடக்கமான ஒரு கருவியால் இதைச் செய்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவிவிட்டு அதே 22-க்கு இறுக்கினால், உராய்வில் வீணாகும் பங்கு குறைந்து, நெரிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். மெல்லிய கூரையில் பதித்த நட்டு அதைத் தாங்காமல் பிய்த்துக்கொண்டு வரும். கையேடு உலர்ந்த மரை என்று சொன்னால் உலர்ந்த மரையாகவே இறுக்குங்கள்.

போல்ட் தானாகக் கழலுவது ஏன் என்பதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதித்துக் காட்டினார். மேலும் கீழுமான அதிர்வைவிட, தகடுகள் பக்கவாட்டில் நழுவுவதே நட்டைச் சுழற்றிவிடுகிறது. நெரிப்பு போதுமான அளவு இருந்தால் நழுவல் இல்லை; நழுவல் இல்லையென்றால் கழலுவதும் இல்லை. அரைகுறையாக இறுக்கிய போல்ட்தான் மண் சாலையின் வரிவரியான மேடுகளில் ஓடும்போது தொலைந்துபோகிறது.

காற்று பற்றிப் பலரும் மைலேஜ் குறைவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் பெரிய விஷயம்தான்: கூரை கேரியர்களால் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 38 கோடி லிட்டர் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2016-இல் கணக்கிட்டது. ஆனால் என்னைக் கவலைப்பட வைப்பது தூக்குவிசை. 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 460 நியூட்டன் அழுத்தம் தருகிறது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்றைக் கூரையில் படுக்கவைத்து, அந்த அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மேல்நோக்கி வேலை செய்தாலும் 45 கிலோ தூக்கும். 12 மில்லிமீட்டர் பலகையின் எடையோ 20 கிலோதான். நடுவில் மட்டும் பட்டை போட்டுக் கட்டிய பலகை நெடுஞ்சாலையில் பறப்பதற்கு இதுவே காரணம். முன்முனையைக் கட்டாயம் கீழே இழுத்துக் கட்ட வேண்டும்.

கேரியர் ஊளையிடுவதும் காற்றின் வேலையே. உருண்டையான கம்பியைக் கடக்கும் காற்று, அதன் பின்னால் மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. 3 சென்டிமீட்டர் கம்பியில், 100 கிலோமீட்டர் வேகத்தில், நொடிக்கு ஏறக்குறைய 185 சுழல் ஜோடிகள். காதுக்கு அது ஒரு தாழ்ந்த முனகல். கம்பியின் நீளம் முழுக்க எல்லாச் சுழல்களும் ஒரே நேரத்தில் உதிர்வதால்தான் ஓசை வலுக்கிறது. கம்பியைச் சுற்றி ஒரு கயிற்றை இடைவெளிவிட்டுத் திருகுசுருளாகச் சுற்றினால் அந்த ஒற்றுமை குலைந்து ஓசை அடங்கும். உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் தலைப்பகுதியில் திருகுசுருளாகத் தகடு சுற்றியிருப்பதும் இதே காரணத்துக்காக. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரட்டன் என்பவர் 1950-களில் கண்ட உத்தி அது. மைத்துனரின் வண்டியில் பழைய நைலான் கயிறு அந்த வேலையைச் செய்கிறது.

துரு பற்றி ஒரு வார்த்தை. அலுமினியக் கேரியர், ஸ்டெயின்லெஸ் போல்ட், இரும்புத் தகடு ஆகிய மூன்றும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு நீரும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரியாகி உலோகத்தை அரிக்கும். கொலராடோவில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுகிறார்கள். நைலான் வாஷர் போட்டு உலோகங்களைப் பிரித்துவைப்பதும், துளையின் விளிம்பில் துத்தநாகப் பூச்சு தடவுவதும் பத்து நிமிட வேலை.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். மைத்துனர் டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாக வைத்துப் பார்த்தார். கூரையில் இருந்தவை எல்லாம் உடனே ‘டக்’ என்றன. தொட்டி கேரியரின் நான்கு போல்ட்டுகள் மட்டும் ஏறக்குறைய கால் சுற்று திரும்பிய பிறகே சத்தம் கொடுத்தன. அவற்றின் அடியில் பெயின்ட் நசுங்கி வழிவிட்டிருந்தது. மறுபடி இறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் அதை ஒட்டிய தகட்டிலுமாக வெள்ளைப் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோடு இரண்டாகப் பிசகினால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.