இரண்டே உறுப்பில் இடதுகை லைன் அமையாது

வடிவமைப்பைச் சரிபார்த்துத் தரும்படி எனக்கு வரும் கோப்புகளில் ஒரே பிழை இந்த மாதம் மூன்றாம் முறையாக வந்திருப்பதால், பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

தொடரில் ஒரு மின்தேக்கி, கிரவுண்டுக்கு ஒரு மின்தூண்டி. இவ்வளவையும் ஒரு செல்லாக (திரும்பத் திரும்ப வரும் அலகாக) வரைந்து அடுக்கிவிட்டு அதை இடதுகை டிரான்ஸ்மிஷன் லைன், அதாவது ஆற்றல் முன்னோக்கிச் செல்ல அலையின் கட்டம் (phase) பின்னோக்கி நகரும் லைன், என்கிறார்கள். தாளில் வரையலாம், பலகையில் அப்படி ஒன்று இல்லை. மின்தேக்கியைப் பொருத்தச் செப்புத் தடம் வேண்டும்; அதில் மின்னோட்டம் பாய்வதால் தொடர் மின்தூண்டமும், தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்னழுத்தம் நிற்பதால் இணை மின்தேக்கமும் கேட்காமலே வந்து சேர்கின்றன. இவற்றைப் பாராசிட்டிக் (வேண்டாமல் ஒட்டிக்கொள்வது) என்று ஒதுக்கிக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் என்னை அயர வைக்கும் எண்ணம். ஆய்வாளர்கள் கலோஸும் இட்டோவும் வளர்த்தெடுத்த கூட்டு வலது-இடதுகை மாதிரியில் நான்கு உறுப்புகளும் சம உரிமையோடு நிற்கின்றன.

கடைசியாக வந்த கோப்பில் செல்லுக்கு 1 பிக்கோஃபாரடும் 2.5 நானோஹென்றியும் இருந்தன. இரண்டு உறுப்புக் கணக்கின்படி 1.59 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் முடிவின்றி இடதுகை. 4 கிகாஹெர்ட்ஸில் செல்லுக்கு 47 டிகிரி கட்டம் முந்த வேண்டும். அளந்தபோது கட்டம் பிந்தியது, பழி அளவுக்கருவியின் காலிபிரேஷன் மேல் விழுந்தது. தடத்தின் பங்காகத் தொடரில் 2.5 நானோஹென்றியும் இணையில் 1 பிக்கோஃபாரடும் சேர்த்தால் அலை கடந்துசெல்லும் பட்டை 1.32 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி, 3.18-இல் வலதுகைக்கு (கட்டம் பிந்தும் வழக்கமான நடத்தைக்கு) மாறி, 7.68-இல் முடிகிறது, 4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 27 டிகிரி பிந்துவது இயல்பே. (கட்டம் முந்தினால் ஆற்றல் மூலத்துக்கே திரும்புகிறது என்று எழுதுபவர்கள், ஆற்றல் செல்லும் வேகமான குழு வேகம் முன்னோக்கியே இருப்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.)

இந்த மதிப்புகளில் தொடர், இணை ஒத்ததிர்வுகள் இரண்டும் ஒரே இடத்தில் விழுவது வசதிதான். ஆனால் தொடர் மின்தேக்கி 1.3 பிக்கோஃபாரட் ஆகிவிட்டால் 2.79 முதல் 3.18 கிகாஹெர்ட்ஸ் வரை அலை கடக்காத தடைப்பட்டை திறந்துவிடும்.

ஆகவே இன்டர்டிஜிட்டல் (விரல்கள் கோத்தது போன்ற) மின்தேக்கியையும், மின்தூண்டியாக நிற்கும் குறுங்கிளைத் தடமான ஸ்டப்பையும் தனித்தனியே சிமுலேஷன் செய்து நான்கு மதிப்புகளையும் பிரித்தெடுங்கள். சிப் மின்தேக்கி என்றால் அதன் தன்னொத்ததிர்வைத் தரவுத்தாளில் பாருங்கள். செல்களைப் பிரிக்காமல் லைனை ஒரே சீரான பொருளாகக் கொள்ளும் சீரான ஊடகச் சூத்திரத்தைப் பட்டையின் கீழ்விளிம்பருகே நம்பாதீர்கள்: 1.59-இல் அது செல்லுக்கு 86 டிகிரி என்கிறது, செல் செல்லாகப் பார்க்கும் புளோக் (Bloch) கணக்கு 97 என்கிறது, ஐந்து செல்லில் 56 டிகிரி தவறிவிடும். லைனைக் கடந்து மறுமுனை சேரும் சிக்னலைக் காட்டும் எஸ்21-இன் அளவு வளைவு பொருந்தியதும் மகிழ்ந்து கோப்பை அனுப்பாமல், கட்ட வளைவையும் அதே படத்தில் வைத்து அனுப்புங்கள்.