பழைய போர்டை ஆசிட்ல போட்டு தங்கம் எடுக்கலாமா? ரூல் என்ன சொல்லுது

தருமபுரில மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்குற ஃப்ரெண்டு, ஒரு மூட்டை செத்த மொபைல் சர்க்யூட் போர்டு சேத்து வச்சுட்டு, யூடியூப்ல ஆசிட்ல ஊறவச்சு தங்கம் எடுக்கறாங்களே நாமளும் பண்ணலாமாடான்னு கேட்டான்.

கெமிஸ்ட்ரி பொய் இல்ல. நைட்ரிக் ஆசிட் போர்டு மேல இருக்குற காப்பரையும் சால்டர்ல இருக்குற ஈயத்தையும் கரைச்சிடும், தங்கம் அதுல கரையாது, அதுக்கு ஹைட்ரோகுளோரிக்கும் சேர்ந்த ராஜதிராவகம் வேணும். ஆனா தங்கம் வெறும் பூச்சுதான், கெடைக்கறது சொற்பம். கெளம்புற பிரவுன் புகை நுரையீரலுக்கு விஷம், மிச்ச ஆசிட்ட சாக்கடைல ஊத்துனா ஈயத்தோட நிலத்தடித் தண்ணிக்கு எறங்கும் (ஃப்ளோரைடு தண்ணி குடிச்சு பல்லு கறை புடிச்ச ஊரு நம்மளது, ஒகேனக்கல் குடிநீர் திட்டம் அதுக்குத்தான வந்துச்சு, இதுல ஈயம் வேறயா).

சரி ரூலுக்கு வரேன். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, அமலுக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. மொபைல், லேப்டாப், டிவின்னு 106 வகை பொருள் இதுல வருது. ரீசைக்ளிங் பண்றவங்க மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல பதிவு பண்ணிருக்கணும். குறுந்தொழிலுக்கு விலக்கு இருக்கேன்னு சில பேர் சொல்வாங்க, இருக்குதான், ஆனா அது இந்த விதிக்கு மட்டும். மிச்ச ஆசிட் அபாயகரமான கழிவு, அதுக்கு 2016 விதி தனியா இருக்கு, மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட அனுமதி இல்லாம கைய வைக்க முடியாது. மாட்டுனா சுற்றுச்சூழல் சட்டத்துல அபராதம் 10,000 ரூபாய்ல ஆரம்பிச்சு 15 லட்சம் வரைக்கும் போகும்.

பதிவு பண்ண ரீசைக்ளருக்கு மட்டும் எப்படி கட்டுப்படி ஆகுதுன்னா, மொபைல், டிவி மாதிரி பொருள விக்கற கம்பெனிங்க ஒரு பங்கு கழிவ ரீசைக்கிள் பண்ணிருக்கணும்னு டார்கெட் இருக்கு, 2023-24ல 60 சதவீதம், 2027-28ல 80. அந்தக் கணக்குக்கு ரீசைக்ளர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும், தங்கம், காப்பர், அலுமினியம், இரும்பு எவ்ளோ மீட்டாங்களோ அதுக்கு ஏத்த மாதிரி. அதனால உங்க மூட்டைக்கும் அவங்ககிட்ட ஒரு வெல இருக்கும்.

யாரு பதிவு பண்ணிருக்காங்கன்னு போர்ட்டல்லயே பாக்கலாம், இல்லன்னா கிருஷ்ணகிரி பக்கத்து ஆளுங்க ஓசூர்ல இருக்குற மாசு கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸ்ல கேளுங்க. எடை போட்டு குடுத்துட்டு பில்லு வாங்கி வச்சுக்கங்க. உப்பிப் போன பேட்டரிய மட்டும் அதே மூட்டைல போடாதீங்க, அழுத்துனா தீப்புடிக்கும், அதோட பேட்டரிக்கு விதியே வேற.