போரைப் பார்த்தவருக்குப் பாட்டு போடும் முன்

போரிலிருந்து மீண்டவர்களை இசைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, "மனசு அமைதியாக எந்தப் பாட்டைப் போடலாம்?" என்றுதான். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் நீங்களும் இல்லை, நானும் இல்லை, அவர்தான் என்பேன்.

இசை என்றாலே இதம் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் நாஜிகள் கைதிகளை வைத்தே இசைக்குழுக்கள் நடத்தினார்கள். அடிமை வேலைக்குக் கிளம்பும்போதும் துவண்டுபோய்த் திரும்பும்போதும் அணிவகுப்பு இசை ஒலித்தது. அங்கே செல்லோ (வயலினைவிடப் பெரிய நரம்புக் கருவி) வாசித்ததால் உயிர் தப்பியவர் அனிதா லாஸ்கர் வால்ஃபிஷ். போருக்குப் பிறகும் அவர் செல்லோவைக் கைவிடவில்லை. லண்டனில் 'இங்கிலீஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா'வைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை நடந்த, கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிச அமைப்பின் ஆட்சியில் இசைக்கலைஞர்கள் பெருமளவில் மாண்டுபோனார்கள். சிறுவனாக இருந்த ஆர்ன் சோன் பான்ட், சிப்பாய்களுக்குப் புரட்சிப் பாடல்களை வாசித்து உயிர் பிழைத்தார். பின்னாளில், எஞ்சியிருந்த மூத்த கலைஞர்களைத் தேடிப்பிடித்து இளையவர்களுக்குக் கற்றுத்தர வைத்தார். 1998-ல் தொடங்கிய அந்தப் பணிதான் 'கம்போடியன் லிவிங் ஆர்ட்ஸ்'.

கட்டாயத்தில் வாசித்தவர்களாலும் இசையிடமே திரும்பி வர முடிந்திருக்கிறது, தாங்களாக விரும்பி வந்ததால். அதனால்தான் சிகிச்சை அறையில் பாட்டை நிறுத்தும் பொத்தான் வந்தவர் கையில் இருக்கும். பழைய பாட்டைக் கேட்டு அவர் அழுதால் பதற வேண்டாம், அழட்டும். ஆனால் பார்வை ஓரிடத்தில் குத்திட்டு, மூச்சு மேலோட்டமாகி, கூப்பிட்டால் பதில் வராமல் போனால், அவர் மனம் அந்தப் பழைய இடத்துக்கே போய்விட்டது என்று பொருள். உடனே இசையை நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றச் சொல்லுங்கள்.

சேர்ந்து பாடுவது பலருக்கு உதவும். பாடும்போது மூச்சை நீளமாக வெளியே விடுகிறோம். உடம்பின் படபடப்பு அடங்க அது துணை செய்யும். ஆனாலும் கெட்ட கனவும் தூக்கமின்மையும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த இடத்தை இசை நிரப்பாது.

நினைவேந்தல் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பறையோ முரசோ பீரங்கி மரியாதையோ இருந்தால், எப்போது ஒலிக்கும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். எதிர்பாராத வெடிச்சத்தம், குண்டுவீச்சைக் கண்டவரை நொடியில் நிலைகுலைய வைக்கும். தேவைப்பட்டால் எழுந்து வெளியே போக வசதியாக, வாசலுக்குப் பக்கத்தில் சில நாற்காலிகளை ஒதுக்கி வையுங்கள். அப்புறம், தப்பிப் பிழைத்தவர் என்பதற்காகவே ஒருவரை மேடையேற்றிப் பாட வைக்காதீர்கள்.